ஸ்க்ராப் காய்ச்சல்

நாகர்கோவிலில் இருந்து பார்த்தால் கும்மிடிப்பூண்டியும் வெளிநாடுதான். விசா கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். தமிழ்நாட்டின் ஒரு நுனியில் ரயிலேறி மறு நுனியில் வந்து இறங்கினேன். ஸ்டேஷன் வாசலில் நின்ற ஷேர் ஆட்டோக்காரரிடம் லாட்ஜுக்கு வழி கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கேரளாவா மேடம்?" என்றார். தமிழில்தானே கேட்டேன் என்றேன். தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே என்று பாராட்டினார். ஐம்பது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த முதல் தமிழ் நற்சான்று அது.

மருத்துவ ஆய்வுகளுக்கான கேள்விகளையும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதத்தையும் தமிழாக்குவது என் பிழைப்பு. அந்தக் காகிதத்தை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். இந்த முறை என்னை நேரிலேயே வரச் சொல்லிவிட்டார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் தொழிற்பேட்டைப் பக்கம் உண்ணிக்காய்ச்சல் எத்தனை பேருக்கு வருகிறது என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று வீடு வீடாகப் போய்க் கண்டுபிடிக்கப் போகிறதாம். மொழிச் சிக்கல் வந்தால் தீர்த்து வைக்க நான். மொழிச் சிக்கல் வந்தது. தீர்க்கத்தான் விடவில்லை.

உண்ணிக்காய்ச்சல் என்பது பாக்டீரியாவால் வருவது. புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சிக் குஞ்சு கடித்தால் தொற்றும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு வரும். அது வலிக்காது, அரிக்காது, அதனால் யாரும் கவனிப்பதும் கிடையாது. பிறகு காய்ச்சல். சரியான மாத்திரையைக் காலத்தில் கொடுத்தால் சாதாரணக் காய்ச்சல் போல இறங்கிவிடும். கொடுக்காவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு ஆளையே கொண்டுபோய்விடும். புத்தகத்தில் இது அரிய நோய். பத்திரிகையில் இதற்குப் பெயர் மர்மக் காய்ச்சல். ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சோம்பல்பட்டால் எல்லாக் காய்ச்சலும் மர்மம்தான்.

ஆங்கிலத்தில் இதற்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். ஸ்க்ரப் என்றால் புதர்க்காடு. ஆய்வின் முதல் கேள்வியே, ஸ்க்ரப் உள்ள இடங்களில் வேலை செய்வதோ புழங்குவதோ உண்டா என்பதுதான். உண்டு என்றால் ரத்தம் எடுப்பார்கள். இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். நான் அதைப் புதர், புல், வேலி ஓரம் என்று தமிழாக்கி இருந்தேன். திருத்தி அச்சடித்து வந்ததில் புதரைக் காணோம். ஸ்க்ரப் என்றே தமிழ் எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ஆய்வுக்குத் தலைவர் ஒரு பேராசிரியர். தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கடல் கடந்துபோய்ப் பெரிய ஆளாகி, வருஷத்துக்கு ஒரு முறை தாய்நாட்டின் நோய்களைப் பார்க்க வருகிறவர். நல்ல மனுஷர். எல்லோருக்கும் முதலில் வணக்கம் சொல்வார். புதர் எங்கே என்று அவரிடம் கேட்டேன். நோயின் பெயரிலும் கேள்வியிலும் ஒரே சொல்தான் வர வேண்டும், குழு ஒப்புதல் கொடுத்துவிட்டது, இனி ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்றார். மொழிபெயர்ப்பாளர் விளக்கம் சொல்லத் தொடங்கினால் பதில் கோணிவிடும் என்றும் சொன்னார். மொழியே பெயர்க்காத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று கேட்க வாய் துறுதுறுத்தது. ஆனால் அப்போது சாப்பாட்டு நேரம்.

மறுநாள் காலை வேன் வந்தது. ஓட்டுநர் பாபு தேர்வாய் கண்டிகைக்காரர். என்னைப் பார்த்ததும், "நாஷ்டா ஆச்சா மேடம்?" என்றார். ஆகவில்லை என்றதும் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு கடை முன்னால் நிறுத்தினார். இட்லிக்கு வடகறி ஊற்றினார்கள். வடையைப் பிய்த்துக் குழம்பில் போட்டு, வடையும் இல்லாமல் குழம்பும் இல்லாமல் ஆக்கி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் வடையை ரசத்தில் ஊறப் போட்டாலும் அதன் உருவத்துக்கு ஒரு மரியாதை உண்டு. இதைச் சொல்லிக்கொண்டே இரண்டாவது கரண்டியும் கேட்டு வாங்கினேன்.

பக்கத்து மேசையில் இரும்பு ஆலைக்கு வேலைக்கு வந்த இரண்டு பேர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் எதைக் கேட்டாலும் சாம்பார் ஊற்றுகிறார்கள், டீயில்தான் இன்னும் ஊற்றவில்லை என்றான் ஒருவன். அவசரப்படாதே, இப்போதுதானே வந்திருக்கிறாய் என்றான் மற்றவன். பாபு இதை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டுத் தானும் சிரித்தார். அந்த வாரம் நடந்ததிலேயே ஒழுங்கான மொழிபெயர்ப்பு அதுதான்.

கும்மிடிப்பூண்டியில் எங்கே திரும்பினாலும் இரும்பு. கம்பி ஏற்றிய லாரிகள் பின்னால் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு போகின்றன. பழைய இரும்பு வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது. கப்பலை உடைத்தது, காரை நசுக்கியது, யார் வீட்டிலோ துருப்பிடித்த ஜன்னல் என எல்லாம் இங்கே வந்து உருகிக் கம்பியாகிறது. அந்தப் பழைய இரும்புக்கு ஊரில் எல்லோரும் சொல்லும் ஒரே பெயர் ஸ்க்ராப். சின்னக் குழந்தைக்கும் அது தெரியும். பேராசிரியருக்கு மட்டும் தெரியாது.

தேர்வாய் கண்டிகை வேறு மாதிரி. அகலமான ரோடு, நடுவில் அரளிச் செடி, இரண்டு பக்கமும் வெளிநாட்டுப் பெயர் எழுதிய கம்பெனிகள். ஒரு கம்பெனிக்கும் அடுத்த கம்பெனிக்கும் நடுவில் இன்னும் யாரும் எடுக்காத மனைகள் ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிக் கிடந்தன. மழை அப்போதுதான் விட்டிருந்ததால் புல் கொழுத்து நின்றது. முன்பு மொத்தமும் ஊர் ஆடுமாடு மேய்ந்த இடமாம். இப்போது ஆடுகள் வீட்டில் கட்டிக் கிடக்க, பெண்கள் வேலிச் சந்தில் நுழைந்து அவற்றுக்குப் புல் அறுத்துக்கொண்டு போகிறார்கள். பேராசிரியர் காரில் இருந்தபடியே கண்ணாடியை இறக்கி, "பர்ஃபெக்ட் ஸ்க்ரப்" என்று படம் எடுத்தார்.

ஊருக்குள் கிறிஸ்துமஸ் முடிந்தும் இறக்காத காகித நட்சத்திரங்கள் வாசலுக்கு வாசல் தொங்கின. அது ஒன்றுதான் எங்கள் ஊர் மாதிரி இருந்தது. ஒரு நட்சத்திரத்துக்குக் கீழே எஸ்தர் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். தலையில் துணியை இறுக்கிக் கட்டி, இடுப்பில் புல்லுக்கட்டை அணைத்துப் பிடித்திருந்தாள். எங்கள் குழுப் பெண் முதல் கேள்வியைப் படித்தாள். ஸ்க்ரப் உள்ள இடங்களில் வேலை செய்வதோ புழங்குவதோ உண்டா?

"ஸ்க்ராப்பா? எனக்கின்னா மேடம் ஸ்க்ராப்பு?" என்றாள் எஸ்தர். "எங்க ஊட்டுக்காரருதான் ஸ்க்ராப் யார்டுல கீறாரு. நான் கம்பெனி கேண்டீன்ல பாத்திரம் கழுவிக்கினு கீறேன்."

இடுப்பில் இருந்த புல் பனியில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புல்லை எங்கே அறுத்தாள் என்று கேட்கச் சொல்லிக் குழுப் பெண்ணை இடித்தேன். அவள் பேராசிரியரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். பதில் சொல்கிறவரை வழிநடத்தக் கூடாதாம். எஸ்தருக்கு நன்றி சொல்லப்பட்டது.

அவளுடைய கணவர் தாஸ், இரவு வேலை முடித்துவிட்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர், எழுப்பி அழைத்து வரப்பட்டார். ஸ்க்ராப்பில் புழங்குவது உண்டா என்றதும், பதினைந்து வருஷமாக அதிலேதான் கிடக்கிறேன் என்றார். ஆள் கல்தூண். ஒரு நோயும் அண்டாத உடம்பு. ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு எஸ்தரின் கையைப் பிடித்தார். அந்தக் கை சுடுகிறது என்று அவர்தான் சொன்னார். ஒரு வாரமாகக் காய்ச்சல் வந்து வந்து போகிறது, ஊரில் கிளினிக்கில் டைபாய்டு என்று ஊசி போட்டார்கள் என்றாள் எஸ்தர்.

பிறகு சாதாரணமாக இன்னொன்றும் சொன்னாள். பக்கத்து வீட்டு ராணியும் அவளும்தான் எப்போதும் ஜோடியாகப் புல்லுக்குப் போவார்களாம். போன மழைக்கு ராணிக்கும் இதே மாதிரி காய்ச்சல் வந்து, நெஞ்சு அடைத்து, செத்துப்போனாளாம். என்ன காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது தனியாகப் போய் வருவதுதான் கஷ்டமாக இருக்கிறது என்றாள். கார் பக்கம் வந்ததும் பேராசிரியரிடம் சொன்னேன். இவர்கள் காதில் விழுவது ஸ்க்ரப் இல்லை, ஸ்க்ராப், அந்தப் பெண்ணின் ரத்தத்தையும் எடுங்கள் என்றேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். காய்ச்சல்காரர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தால் ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கேள்வியைப் பாதியில் மாற்றினால் முதல் பாதி குப்பைக்குப் போகும். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முதல் பாதி ஏற்கெனவே குப்பைதான் என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்று கருணையோடு முடித்தார். போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். சம்பளம் பிடிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் யக்கா என்றாள்.

அதற்கடுத்த நாள் ஓர் இரும்பு ஆலைக்குப் போனோம். ஸ்க்ரப் என்றால் ஆலையைத்தான் ஊர்க்காரர்கள் காட்டினார்கள் என்பதால் அங்கே போக வேண்டியதாயிற்று. அதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ஸ்க்ராப்பில் இருந்து ஒரு புதுக் காய்ச்சல் பரவுகிறதாம், வெளிநாட்டில் இருந்து டாக்டர் வந்து ரத்தம் எடுக்கிறாராம். யார்டில் இருந்தவர்கள் மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். சிலர் அன்றைக்கு வேலைக்கே வரவில்லை. மேனேஜர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர் போல, பேச்சில் தெலுங்கு வாடை அடித்தது.

"எங்க ஸ்க்ராப்ல நோய் கீதுன்னு எவன் நைனா சொன்னான்?" என்று பாபுவைக் கேட்டார். பேராசிரியரைக் கேட்கவில்லை. வண்டி ஓட்டி வந்தவன்தான் எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்பது நம் நாட்டு வழக்கம். பாபு என்னைப் பார்த்தார். நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் வணக்கம் சொன்னார். கேட் சாத்தப்பட்டது.

பேராசிரியர் இதற்காக வருத்தப்படவே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. சந்தோஷமாகவே இருந்தார். இந்த நோயைப் பற்றி மக்களுக்கு இவ்வளவு விழிப்புணர்வு இருக்கும் என்று தான் எதிர்பார்க்கவில்லை என்றார். யாரைக் கேட்டாலும் ஸ்க்ரப் தெரியும் என்கிறார்கள், முகத்தை வேறு மூடிக்கொள்கிறார்கள் என்று போனில் யாரிடமோ ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி லாரிகளின் பின்னால் எழுதியிருந்த வாசகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் அர்த்தம் இருந்தது.

மதியத்துக்கு மேல் எளாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். பேராசிரியர் காரில் லாட்ஜுக்குத் திரும்பிவிட, ரத்தப் பெட்டியோடு பாபுவும் நானும் வேனில் வந்தோம். ஆந்திராவில் இருந்து வரும் லாரிகளைச் சோதிக்கும் செக்போஸ்ட் அருகே மாட்டிக்கொண்டோம். கல்கத்தா ரோட்டில் அசையாமல் நின்ற லாரிகளை எண்ண நினைப்பவருக்கு வேறு வேலை இல்லை என்று அர்த்தம். எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர்கள் கீழே உட்கார்ந்து சீட்டு ஆடினார்கள். ஒரு லாரிக்காரர் தெலுங்கில் மனைவியிடம், தமிழ்நாடு தெரிகிறது, போய்ச் சேரத்தான் வழி தெரியவில்லை என்று போனில் சொன்னதைப் பாபு பெயர்த்துச் சொன்னார். பெட்டியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. ரத்தம் கெட்டால் பாபுவின் வேலை போய்விடும்.

"பேஜாராப் போச்சு மேடம்" என்று இறங்கினார் பாபு. பக்கத்தில் ஓர் ஆட்டோ நின்றது. உள்ளே இறால் கூடையோடு ஓர் அம்மாள். பழவேற்காட்டு ஏரிச் சரக்காம், ஏலம் முடித்து ஆரம்பாக்கத்துக்கு எடுத்துப்போனதில் மிச்சமாம். பாபு ஐஸ் கேட்டார். பெட்டியில் என்ன, பீரா என்று கேட்டார் அந்த அம்மாள். மனுஷ ரத்தம் என்றதும் இரண்டு கை நிறைய ஐஸை அள்ளிப் போட்டார், கூடவே இரண்டு இறாலும் விழுந்தன. சும்மா இருக்க முடியாமல் நானும் கேட்டுப் பார்த்தேன். அம்மா, நீங்கள் ஸ்க்ரப்பில் புழங்குவதுண்டா? "ஸ்க்ராப்பு கெடையாதும்மா, எறாலுதான்" என்றார். அந்தப் பெட்டி அதன்பிறகு கடைசி வரை கவிச்சி அடித்தது. ஆய்வகத்தில் என்ன நினைத்தார்கள் என்று தெரியவில்லை. அன்று இரவு லாட்ஜ் பக்கத்து மெஸ்ஸில் இறால் தொக்கு சாப்பிட்டேன். தேங்காயே இல்லாமல், மிளகாயை அள்ளிக் கொட்டி, கண்ணில் நீர் வர வைத்தார்கள். மனம் அதற்குத் தோதாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ஆருத்ரா தரிசனம் வந்துவிட்டது. திருவாலங்காட்டில் நடராஜருக்கு அபிஷேகம், அன்றைக்கு வேலை கிடையாது என்று பேராசிரியர் அறிவித்துவிட்டு, குடும்பத்தோடு காலையிலேயே காரில் கிளம்பிப் போனார். நல்ல இடம் கிடைக்க வேண்டுமாம். போனை அணைத்து வைத்துவிடுவேன் என்றும் முன்கூட்டியே சொன்னார். நான் துணி துவைத்துப் போட்டுவிட்டுப் படுக்கலாம் என்று இருந்தேன். பாபு வந்து கதவைத் தட்டினார்.

"அந்த எஸ்தரு ரொம்ப முடியாம கீது மேடம். மூச்சு வாங்குது. தாஸு அயுதுகினு கீறான்" என்றார்.

வேனில் வெளியாரை ஏற்றக் கூடாது என்று விதி. கதவிலேயே ஒட்டியிருந்தது. பாபு அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தேர்வாய் கண்டிகையில் எஸ்தரைத் தூக்கி வேனில் படுக்க வைத்தபோது அவளுடைய கண் சிவந்து, முகம் வீங்கி, உதடு காய்ந்து வெடித்திருந்தது. கிளினிக்கில் மறுபடியும் ஊசி போட்டு, பாட்டில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்றேன். ஊத்துக்கோட்டை வழியாக வண்டி பறந்தது. பாபு ஒவ்வொரு பள்ளத்துக்கும் எஸ்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். ரத்தப் பெட்டியின் மேல் காலை வைத்துக்கொண்டு தாஸ் அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. இவள் வழியில் செத்துப்போனால் என்னால் அந்த ஊருக்குள் எப்படிப் போக முடியும் என்றுதான் திரும்பத் திரும்ப ஓடியது.

திருவள்ளூரை நெருங்கும்போது ஆருத்ராவுக்குப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்தது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். பாபு ஹாரனை அழுத்திய அழுத்தில் நடராஜரே ஒதுங்கி வழி விட்டிருப்பார்.

ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். சீட்டைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. மழை விட்ட பிறகு புல், விறகு என்று எங்காவது போனாயா என்று எஸ்தரைக் கேட்டார். தினமும் புல்லுக்குப் போவாள் என்று தாஸ் சொன்னார். டாக்டர் திரையை இழுத்துவிட்டு, என்னை உள்ளே நிற்கச் சொன்னார். அக்குள், மார்புக்குக் கீழே, தொடை என்று வரிசையாகத் தேடிக்கொண்டு வந்து இடுப்பில் நின்றார். பாவாடை நாடா இறுகிய தடத்தின் மேலேயே ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது.

"இது எவ்ளோ நாளா இருக்கு?"

"அது நாடா இறுக்கினதும்மா" என்றாள் எஸ்தர், மூச்சுக்கு நடுவில். "எங்களுக்கெல்லாம் இருக்கும். ராணிக்கும் இதே எடத்துலதான் இருந்துச்சு."

டாக்டர் ஊசியையும் மாத்திரையையும் எழுதி, ஆக்ஸிஜன் வைக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். ஆம்பளைங்க வந்தால் இதே மாதிரி பொருக்கை ஆலையில் நெருப்புப் பொறி பட்டது என்பார்களாம், பொம்பளைங்க நாடா என்பார்களாம். யாரும் புண் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. அரிய நோய் என்கிறார்களே என்று நான் கேட்டேன். "மழை முடிஞ்சதும் இங்க ஒரு மாசம் வந்து உக்காந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்றார். நான் எந்தக் குழுவோடு வந்திருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. ரத்தம் சோதனைக்குப் போனது. முடிவும் அதையேதான் சொன்னது, உண்ணிக்காய்ச்சல்.

மறுநாள் மாலையில் இருந்தே காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அதற்கடுத்த நாள் எஸ்தர் எழுந்து உட்கார்ந்து, ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தார்களா என்று கேட்டாள். கடவுளே என்று நான் மனதுக்குள் கும்பிட்டேன். தாஸ் வார்டுக்கு வெளியே வந்து நின்று, ஸ்க்ராப் வேலைக்குப் போகிறவன் தான், நோய் தன்னை விட்டுவிட்டு இவளை ஏன் பிடித்தது என்று கேட்டார். அது ஸ்க்ராப் இல்லை, ஸ்க்ரப், புதர் என்று விளக்கினேன். "அத அன்னிக்கே பொதர்னு கேட்டிருந்தா சொல்லியிருப்போமே மேடம்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பேராசிரியர் தரிசனம் முடித்து, நெற்றியில் விபூதியோடு திரும்பினார். லாட்ஜில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முழுவதையும் அவருக்குச் சொன்னேன். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று கை கொடுத்தார். அப்படியானால் அவளை ஆய்வில் சேர்த்துக்கொள்வீர்களா என்றேன். தோசையைப் பிய்த்தபடி தலையசைத்தார், பக்கவாட்டில். முதல் கேள்விக்கு அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள். அவள் ரத்தம் எங்கள் பெட்டியில் இல்லை. அதனால் எங்களைப் பொறுத்தவரை அவள் இல்லை. ராணி? செத்துப்போனவரிடம் கேள்வி கேட்க முடியாதே என்றார். வேனில் நோயாளியை ஏற்றியதற்காகப் பாபுவிடம் விளக்கம் கேட்க வேண்டியிருக்கும் என்றும் வருத்தத்தோடு சொன்னார். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன். சட்னி நன்றாக இருந்தது.

ஊருக்குத் திரும்பி, சம்பா அரிசிச் சோற்றையும் தேங்காய் அரைத்த மீன் குழம்பையும் கண்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பொங்கல் முடிந்த கையோடு பேராசிரியரிடம் இருந்து ஆய்வின் சுருக்கம் தமிழாக்கத்துக்கு வந்தது. எடுத்த ரத்தமெல்லாம் தாஸைப் போன்ற இரும்புக்காரர்களின் ரத்தம். சுத்தமாக இருந்தது. இப்பகுதி மக்களிடையே இந்நோய் அரிதாகவே காணப்படுகிறது, ஆனால் இது குறித்த விழிப்புணர்வு பாராட்டத்தக்க அளவில் உள்ளது என்று எழுதியிருந்தார். அதையும் நான்தான் தமிழில் எழுத வேண்டும். பேனாவை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

அந்த வாரமே எஸ்தர் போன் செய்தாள். குரல் தேறியிருந்தது. வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாளாம், புல்லுக்கு இப்போது தாஸ் போகிறாராம், நீளக் கை சட்டை போட்டுக்கொண்டு. பாபுவை வேலையில் இருந்து எடுக்கவில்லையாம், திட்டியதோடு விட்டார்களாம். பிறகு கேட்டாள்.

"யக்கா, எங்க ஊர்ல இந்தக் காச்ச நெறய பேருக்கு கீதுன்னு எயுதிட்டாங்களா?"

பொய் சொல்ல வரவில்லை. அரிது என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். அப்படியென்றால் என்ன என்றாள். எப்பவாவது, எங்கேயாவது ஒருத்தருக்கு வரும் என்று அர்த்தம் என்றேன்.

"அந்த ஒருத்தி நானா?"

"நீ இல்ல மக்கா. உன்னைக் கணக்குல எடுக்கல."

"அப்ப ராணியா?"

"அவளும் இல்ல."

அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது.

"அப்ப யாருக்குதான் யக்கா அந்தக் காச்ச வந்துச்சு?" என்றாள்.

சுருக்கத்தைத் தமிழாக்க வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக எஸ்தரின் இந்தக் கேள்வியை, ஒரு சொல்லையும் மாற்றாமல், ஆங்கிலத்தில் பெயர்த்துப் பேராசிரியருக்கு அனுப்பினேன்.